நெவிலின் கோலை நேரில் பார்த்தவர்கள்

கடவுள் படைத்த ஜீவராசிகளில் ‘நான் இருந்தேன்’காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஆல்டர்பியில் இந்த இனம் செழிப்பாக இருக்கிறது. சனிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு பிரிக்யார்டு லேன் மைதானத்துக்குப் போனால், வேலிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கிட்டே போகலாம். ஒன்றும் செய்யமாட்டார்கள். காதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ஆட்டம் முடிகிறவரை திருப்பித் தரமாட்டார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பச்சையும் வெள்ளையுமாக ஒரு மஃப்ளர், அதைத் துவைத்தால் டீம் தோற்றுப்போகும் என்பதால் எந்த வருஷமும் துவைக்காத மஃப்ளர், நெஞ்சு முழுக்க பேட்ஜ், அந்த பேட்ஜ்களின் பாரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்த கோட்டு, கோட்டுப் பையில் ஒரு பென்சில், பென்சிலுக்குத் துணையாக ஒரு நோட்டு, நோட்டில் தேதி, எதிரணி, காற்று எந்தப் பக்கம் அடித்தது, ரெஃப்ரிக்கு மீசை இருந்ததா இல்லையா என்பதுவரை எல்லாம் இருக்கும். ஆட்டத்தைப் பற்றி மட்டும் அதிகம் இருக்காது. ஏன் என்றால் அவர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். எதிரே ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். அவர் பாதி முதுகை மைதானத்துக்குக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம் இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போது பார்த்து கோல் விழும். “யாரு? யாரு போட்டது?” என்று கேட்பார். இன்னும் இருபது வருஷம் போனால் அதே கோலை அங்குலம் அங்குலமாகச் சொல்வார்.

இரண்டு ‘நான் இருந்தேன்’காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இப்படித்தான் பேச்சு போகும்:

“பஸ்ஸு பனியில மாட்டிக்கிச்சே, அந்தச் செவ்வாக்கிழமை…”

“புதன்கிழமைப்பா.”

“செவ்வா. மூணுக்கு ரெண்டு.”

“ரெண்டுக்கு ரெண்டு. பனியும் இல்ல, மழை.”

“நீ அந்த பஸ்ஸுல வந்தியா?”

“நீ வந்தியா?”

இந்த இடத்தில் இரண்டு பேரும் கோட்டோரம் கொடியோடு ஓடுகிற லைன்ஸ்மேனைத் திட்ட ஆரம்பிப்பார்கள். லைன்ஸ்மேன் இருப்பதே இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் ஃபுட்பால் டீம் பெரிய டீம் இல்லை. பெரிய லீக்குகளுக்குக் கீழே சின்ன லீக்குகள் இருக்கின்றன, அதற்கும் கீழே சிலது இருக்கின்றன, அங்கேதான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் கோல்கீப்பர் வாரநாளில் தபால்காரர். பந்து ஆற்றில் விழுந்தால் எடுப்பதற்கென்று நீளமான கழி ஒன்று வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. நம் டீம் எந்தப் பக்கத்து கோலை நோக்கி ஆடுகிறதோ அந்த கோலுக்குப் பின்னால்தான் ஜனங்கள் நிற்பார்கள். இடைவேளையில் டீம் பக்கம் மாறினால் ஜனங்களும் பக்கம் மாறவேண்டும். அத்தனை பேரும் கம்பியோரமாக மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். நடுவழியில் டீக்கொட்டகை. அதன் ஜன்னலுக்கு உள்ளே நான். முப்பத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலில்தான் நிற்கிறேன்.

இந்த இனத்துக்குத் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மால்கம் ஹேசலைச் சொல்லலாம். எழுபது தாண்டியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பனி உறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்ன தேவாலயமான சாப்பலுக்கு நடக்க முடியாத கிழவிகளைத் தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது அவர்தான். உள்ளே மட்டும் வரமாட்டார். “அங்க நான் இல்லாத காலத்துக் கதையாவே சொல்றாங்க கண்ணு” என்பார்.

மால்கமுக்கு ஒரு கோல் உண்டு. அவர் போட்டதில்லை, பார்த்தது. தொண்ணூற்று நாலு அக்டோபர், கோப்பை ஆட்டத்தின் கடைசித் தகுதிச் சுற்று, எங்களைவிட மூன்று படி மேலே இருந்த பெல்மோர் டீமை ஒன்றுக்கு சைபர் ஜெயித்தோமே, அந்த கோல். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை.

“பிம்லட் முப்பது கெஜத்துல இருந்து எடது கால்ல விட்டான் பாரு கண்ணு! வலை கிழிஞ்சிருக்கணும். நான் கோலுக்கு நேர் பின்னாடி நிக்கிறேன். காத்து என் தொப்பிய தூக்கிட்டுப் போச்சு!”

போன வருஷம் முப்பத்தைந்து கெஜமாக இருந்தது. வயதாகிறது அல்லவா, குறைந்துகொண்டு வருகிறது.

அன்றைக்கு நுழைவாயிலில் எண்ணிய ஆட்கள் இருநூற்று முப்பத்தொரு பேர். ஆனால் அன்றைக்கு இருந்ததாக என் ஜன்னலில் வந்து சொன்னவர்களை ஒருசமயம் எண்ணிப் பார்த்தேன். ஐந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதில் ஒருவர் பிறந்ததே தொண்ணூற்று ஏழில். கேட்டதற்கு, “எங்க வீட்டுல எல்லாரும் போயிருந்தாங்க, அது நானும் போன மாதிரிதான்” என்றார்.

இவ்வளவு பேரும் ஒருவரைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் நெவில் ஸ்டாதர்.

நெவில் எங்கள் டீமில் பதின்மூன்று சீசன் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். கோல் ஒன்றுகூட இல்லை. பேச்சும் அப்படித்தான். தொழில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. இந்த வருஷம் கிளப்புக்கு நூறு வயது என்பதால், இதுவரை ஒரு கோலாவது போட்ட அத்தனை பேருடைய பெயரையும் தங்க எழுத்தில் எழுதி கிளப் ஹாலில் மாட்டுவது என்று முடிவானது. யார் எழுதுவார்? நெவில்தான். சும்மாவே எழுதித் தருகிறேன் என்றார். நூற்று எண்பத்தாறு பெயர், அகரவரிசையில். மூன்று வாரமாக தினமும் வந்து, அறுவைசிகிச்சை செய்த மூட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பெயர் இல்லாத பலகையை எழுதிக்கொண்டிருந்தார்.

எஸ் எழுத்து வந்தது. ஸ்பிங்க் எழுதியாயிற்று. அடுத்த பெயர் ஸ்டோர். பிரஷ் நின்றுவிட்டது.

நான் அப்போது ஹாலில் கப் துடைத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் கோர்டன் லம் பலகையைப் பார்க்க வந்தார்.

“கோர்டன்,” என்றார் நெவில், பலகையைப் பார்த்தபடியே. “இங்க ஒரு வரி எடம் விட்டுட்டு கீழ போகட்டுமா?”

“எதுக்குப்பா?”

“பெல்மோர் கோல் என்னோடது.”

கோர்டன் சிரித்தார். நெவில் சிரிக்கவில்லை. கோர்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது வருஷம் கழிச்சு சொல்றியே நெவில்!”

“அன்னிக்கே சொன்னேன். டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாரும் பாடிட்டு இருந்தாங்க. யாருக்கும் கேக்கல. அப்புறம் பேப்பர்ல பிம்லட்னு போட்டுட்டான். ஒரு கோலுக்கு என்ன சண்டைன்னு விட்டுட்டேன்.” பிரஷ்ஷைத் துடைத்தார். “இத எழுத ஆரம்பிச்சப்புறம் விட முடியல.”

அவ்வளவுதான் கேட்டார். பணம் கேட்கவில்லை, மாலை கேட்கவில்லை. ஸ்பிங்க்குக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு வரி.

கோர்டன் நியாயஸ்தர். விசாரித்தார். ஸ்பெயினில் குடியேறிவிட்ட பிம்லட்டுக்குப் போன் போட்டார். “என்கிட்ட நூத்தி நாப்பது கோல் இருக்கு, நெவிலுக்கு வேணும்னா ஒண்ணு எடுத்துக்கச் சொல்லு. ஆனா அது என்னோடதுதான்னு நெனைக்கிறேன்” என்றார் பிம்லட். பழைய ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் பிம்லட் என்றார்கள், ஒருவர் எதிராளியே தன் கோலுக்குள் போட்டுக்கொண்டது என்றார், கோல்கீப்பர் “நான் அந்தக் கோடியில இருந்தேன், எனக்குத் தெரிஞ்சது முதுகுங்கதான்” என்றார். கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது: ஆட்டக்காரர்கள் பேச்சை நம்புவதற்கில்லை, கண்ணால் பார்த்த பார்வையாளர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் பெயரை எழுதலாம், திறப்பு விழாவுக்குள் கிடைக்காவிட்டால் வரியை மூடிவிட வேண்டும்.

மூன்றே பேர்! எங்கள் ஊரில் அந்த கோலைப் பார்த்தவர்களுக்கா பஞ்சம்?

அந்த வாரச் சனிக்கிழமை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கிளப் ஹாலுக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஆட்டத்துக்கு வந்ததே நூற்று ஐம்பது பேர். நெவில் ஓர் ஓரத்தில், விரல் நுனியெல்லாம் தங்கப் பெயின்ட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் சாய்ந்த பலகையில் அந்த வெறும் வரி, பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது.

முதல் சாட்சி எழுந்தார். “தலையால முட்டினான். வெயிலு கண்ணக் கூசிச்சு.”

இரண்டாவது சாட்சி: “வெயிலா? கொட்டோ கொட்டுன்னு மழை. ஃப்ரீ கிக்.”

மூன்றாவது சாட்சி: “கடைசி நிமிஷம். ரெஃப்ரி விசில வாயில வச்சுட்டாரு, அப்பத்தான்…”

“ஒரு நிமிஷம்,” என்றார் கோர்டன். “போட்டது யாரு?”

“பிம்லட்டுதான்.”

“பிம்லட்.”

“பிம்லட், வேற யாரு?”

மால்கம் கடைசியாக எழுந்தார். தலைவர் பேசும்போது மற்றவர்கள் அடங்கினார்கள். அவர் நெவிலைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “நெவில், நீ நல்லவன். உன்ன மாதிரி தடுக்கறவன் இனி பொறக்கணும். ஆனா கண்ணால பாத்தத எப்படிப்பா மாத்திச் சொல்றது? நான் கோலுக்கு நேர் பின்னாடி நின்னேன். முப்பது கெஜம். எடது கால்.”

நெவில் தலையை ஆட்டினார். “சரி மால்கம்” என்றார். எழுந்து பலகையிடம் போய், அந்த வெறும் வரியைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார். அங்கே துடைக்க எதுவும் இல்லை.

டீத் தட்டோடு நின்றிருந்த எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“மால்கம், நீங்க கோலுக்குப் பின்னாடி நிக்கல,” என்றேன். “என் ஜன்னலுக்கு முன்னாடி நின்னீங்க.”

“என்ன கண்ணு சொல்ற?”

“சிப்ஸும் கிரேவியும் வாங்கினீங்க. கிரேவி பத்தலைன்னு திருப்பி நீட்டினீங்க.”

சொல்லிவிட்டேன். இனி நிறுத்த முடியாது. அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குக் கம்பம் ஒன்று ரிப்பேர். அதனால் ரெஃப்ரி இடைவேளையைப் பாதியில் வெட்டி இரண்டாம் பாதியைத் தொடங்கிவிட்டார். ஜனங்கள் அப்போது இந்தக் கோடியிலும் இல்லை, அந்தக் கோடியிலும் இல்லை. அத்தனை பேரும் நடுவழியில், என் ஜன்னல் முன்னால், வரிசையில். வரிசையில் நிற்கிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான்? கெட்டிலைப் பார்ப்பான். மைதானத்துக்கு முதுகு. மைதானத்தைப் பார்த்து நின்ற ஒரே ஆள் நான்தான், நானும் டீ ஊற்றுவதால்தான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கார்னர் கிடைத்தது. பதின்மூன்று வருஷத்தில் பாதிக் கோட்டைத் தாண்டாத நெவில் அன்றைக்கு ஏன் முன்னால் போனார் என்று அவருக்கே தெரியாது. பெல்மோர் கோல்கீப்பர் பந்தைக் குத்தினார், அது திரும்பி ஓடப்பார்த்த நெவிலின் வலது முழங்காலில் பட்டது, பட்டு, வழி விசாரித்துக்கொண்டு போகிற மாதிரி மெதுவாக உருண்டு உள்ளே போனது. நெவில் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார். பக்கத்தில் நின்ற பிம்லட் இரண்டு கையையும் தூக்கினார். எல்லாரும் பிம்லட் மேல் ஏறினார்கள்.

சத்தம்? சத்தமே இல்லை. எங்கள் ஊர் சரித்திரத்தின் மிகப் பெரிய கோலுக்கு ஒருவர்கூடக் கத்தவில்லை, யாரும் பார்க்காததால். பெல்மோர் கோல்கீப்பர் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அந்த வார்த்தை கேட்டுத்தான் வரிசை திரும்பியது.

“உடனே, ‘யாரு போட்டது?’ன்னு பேப்பர்காரர் கேட்டாரு,” என்றேன். “அவரும் வரிசையிலதான் நின்னாரு. சாஸேஜ் ரோல். நீங்கதான் மால்கம், ‘பிம்லட்தான், வேற யாரு?’ன்னு சொன்னீங்க. அவர் எழுதிக்கிட்டாரு.”

கோர்டன் என் பக்கம் திரும்பினார்.

“இத்தன வருஷம் ஏன் சொல்லல, லோரெய்ன்?” என்று கேட்டார்.

“யாரும் கேக்கல. பேப்பர்ல அச்சடிச்சே வந்துடுச்சு. அதவிட என் கண்ணு பெருசான்னு நெனைச்சுட்டேன்.” இந்த ஒரு விஷயத்துக்காக நான் ஆண்டவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நெவிலிடமும் கேட்டேன்.

மால்கம் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருஷமாக ஒருவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. தன் இரண்டு கைகளையும் பார்த்தார், ஒன்றில் சிப்ஸ் பொட்டலம் இருக்கிறதா என்று தேடுவதுபோல.

“கிரேவி கூட கேட்டனா?” என்றார் மெல்ல.

“கேட்டீங்க.”

“அப்ப நான் பாக்கல,” என்றார் மால்கம். “நெவில், நான் பாக்கலப்பா.”

எங்கள் மைதானத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரு டீ ஆறுகிற நேரம், அந்த மனுஷர் முழுக்க முழுக்க உண்மையாக இருந்தார்.

டீ ஆறிவிட்டது.

“முழங்கால்…” என்று முணுமுணுத்தார். “வலது முழங்கால். இரு இரு. சேத்துல குப்புற விழுந்தான். ஆமா! நான் திரும்பினேன்ல? திரும்பறப்ப பாத்தேன்! முழங்காலுதான்!”

“முழங்காலேதான்,” என்றார் ஃப்ரீ கிக் சாட்சி. “நான்தான் மொதல்ல இருந்தே சொல்லிட்டிருக்கேனே.”

“மெதுவா உருண்டுச்சு,” என்றார் தலையால் முட்டிய சாட்சி. “ரொம்ப மெதுவா.”

கோர்டனின் தாளில் நாற்பத்தொரு கையெழுத்து விழுந்தது. கடைசியில் கோர்டனும் ஒன்று போட்டார். அவரும் அன்றைக்கு இருந்தாராம். என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை, நான் வேலையாக இருந்தவள், பார்வையாளர் இல்லை.

எல்லாரும் போனபிறகு நெவில் நான் கப் கழுவுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

“லோரெய்ன், அவங்க ஒருத்தரும் பாக்கலதானே?”

“இல்ல.”

“நீ பாத்த.”

“பாத்தேன்.”

கொஞ்ச நேரம் தன் மூட்டைத் தேய்த்துக்கொண்டார். “நல்ல கோலா?”

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பலில் முன்வரிசையில் உட்காருகிறவள் நான். பொய் சொல்ல முடியுமா?

“கண்றாவியான கோல், நெவில்.”

அவர் முகம் முழுக்கச் சிரித்தார். “அப்ப அது என்னோடதுதான்,” என்று சொல்லி, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார். மற்ற நூற்று எண்பத்தாறு பெயர்களும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். ஸ்டாதர் மட்டும் கொஞ்சம் கோணல். திருத்தவேண்டாம் என்று விட்டுவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஓயவில்லை. பொய்ச்சாட்சியைப் பற்றி ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் நடந்த ஒன்றுக்கு, நடந்தபடியே, பார்க்காத நாற்பத்திரண்டு பேர் சாட்சி சொன்னால் அது எதில் சேரும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

“பெல்மோர் ஆட்டமா? அந்த முழங்கால் கோல்தானே? என்ன கோல்ம்மா அது!” என்றார்.

அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது.

மால்கம் இப்போதெல்லாம் கம்பியோரம் நின்று சொல்லும் கதையில் கிரேவி வருகிறது. “நான் சிப்ஸோட திரும்பறேன், முழங்கால்ல பட்டுது பாரு!” என்கிறார். அவர் அதைச் சொல்லும்போது பின்னால் எங்கள் டீம் ஒரு கோல் போடுகிறது. நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு நாள் இருக்கும், எல்லாரும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிற ஒரு நாள். பெரிய வெள்ளமோ, பெரிய கூட்டமோ, யாரோ யாரையோ மேடையில் மறுத்துப் பேசியதோ. நீங்களும் அங்கே இருந்தீர்கள். சந்தேகமே இல்லை, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறீர்கள், கைகால் ஆட்டி. நான் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று மட்டும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள். அவசரமில்லை. அன்றைக்கு உங்களுக்கு எதிரே நின்ற யாரோ ஒருத்திக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும்.